அமுதாவுக்கு வயது முப்பத்தெட்டு

ஜெசிந்தா தன் லேப்டாப் பையை அமுதாவின் நாற்காலியில் வைத்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. மேசையில் இடமில்லை, கதவோரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வைத்தாள். கறுப்புப் பை, அதன் வாரில் ஒரு சின்ன மர யானை தொங்கி ஏசி காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. எடும்மா என்று சொல்லலாம். இந்தக் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவன் நான், அவள் எனக்குக் கீழே வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள், அது அமுதாவின் இடம் என்று நான் சொல்ல வேண்டிவரும், இன்றைய கூட்டமே அமுதாவை எடுத்துவிடலாமா என்பதைப் பற்றியதுதான். அஜெண்டாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நேற்று டீ குடிக்கும்போது முபாரக் வேறு மாதிரி சொன்னான். "நாளைக்குக் காலையில அமுதாவைக் கொல்றோம் சார்." விளம்பர வாசகம் எழுதுகிறவன், எதையும் சின்னதாகச் சொல்லத் தெரிந்தவன். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால்தான் இந்த நாலாவது மாடி வரை வந்திருக்கிறேனோ என்னவோ. அமுதா என்று யாரும் கிடையாது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு வழக்கம். விற்கப்போகிற மென்பொருளை வாங்கப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று கற்பனையாக ஓர் ஆளை உண்டாக்கி, பெயர், வயது, வேலை, கவலை எல்லாம் கொடுத்து, எங்கிருந்தோ ஒரு படத்தையும் வாங்கி ஒட்டி, ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்வோம். பெர்சோனா என்பார்கள். அதற்கப்புறம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அந்த ஆளுக்குத்தான். எங்களுடையது சிறு கம்பெனிகள் கணக்கு எழுதுகிற மென்பொருள். எங்கள் ஆள் அக்கவுண்ட்ஸ் அமுதா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள், வயது முப்பத்தெட்டு. கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நாற்காலி காலியாக விடுவோம், வாங்குகிறவர் இந்த அறையில் இருக்கிறார் என்ற ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக. புதிதாகச் சேர்ந்தவர்கள் தெரியாமல் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், ஏய், அது அமுதா சீட்டு என்று எழுப்பிவிடுவார்கள். இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

"சார், கோச்சுக்காதீங்க. இது நான் சொல்லல, டேட்டா சொல்லுது" என்கிறாள் ஜெசிந்தா. நல்ல பெண். நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். எனக்கு அந்த வயதில் அது வரவில்லை. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து வந்தவன். இந்தக் கம்பெனியில் முதலில் எனக்குக் கிடைத்தது போன் எடுக்கிற வேலை, மென்பொருள் மக்கர் செய்கிறது என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. ஆங்கிலம் அந்தப் போனிலும் எங்கள் மென்பொருளின் உதவிப் பக்கங்களிலும் நானாகப் படித்துக்கொண்டது. திரையில் அமுதாவின் பக்கம் விரிந்திருக்கிறது. நீலச் சேலை, ஒரு பக்கமாகச் சாய்த்த தலை, பல் தெரியாத சிரிப்பு. "நம்ம புது கஸ்டமர்ல பாதிக்கு மேல போன்லயே பில் போட்டுட்டுப் போயிடறாங்க. பேக்கரி வச்சிருக்காங்க, ஜிம் வச்சிருக்காங்க. தனியா அக்கவுண்டன்ட்டே கிடையாது. அமுதா இன்னும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து மாசக் கடைசிக்குப் பயந்துக்கிட்டு இருக்கா. அவளுக்கு வயசே ஆகாதா சார்?" ஆகாதும்மா என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு ஆகாது. செண்பகத்துக்கும் இனிமேல் ஆகாது. செண்பகம் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டாள். செண்பகவல்லி, என் மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு பார்த்தவள். இந்த அறையில் இருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது. கம்பெனியை ஆரம்பித்த கஜபதி சாருக்கும் தெரியாது. செண்பகம் போன அன்று வீட்டுக்கு வந்து அவளுக்கு மாலை போட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்போதும் அவருக்குத் தெரியாது.

அவர்தான் கேட்டார், எத்தனையோ வருடத்துக்கு முன்னால், இந்த நாலாவது மாடி இல்லாத காலத்தில், கிண்டியில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறையில் நாங்கள் இருந்தபோது. "நம்ம பொருளை வாங்கறது யாருய்யா? ஒருத்தனாவது சொல்லுங்க." எம்பிஏ படித்து வந்த இரண்டு பேர், பத்திலிருந்து ஐம்பது ஊழியர் உள்ள நிறுவனங்கள் என்றார்கள். அவர் முகம் மாறவில்லை. நான் தண்ணீர் கேனை மாற்றிக்கொண்டிருந்தேன், ஆள் வராத நாளில் அதையும் நான்தான் செய்வேன். எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. மாசக் கடைசியில் அந்த அம்மா மூணு மணிக்குச் சீட்டிலேயே சாப்பிடும் சார், ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டே ஒரு கையால எண்ணைத் தட்டும், கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு மேசை பூரா தேடும், விடிகாலையில முழிச்சுக்கிட்டு ஒரு எண்ணை மாத்திப் போட்டுட்டேனோன்னு உட்கார்ந்திருக்கும், அவங்களுக்கு நம்ம மென்பொருள் வேண்டாம் சார், தூக்கம் வேணும் என்றேன். எப்படிப் பேசினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கஜபதி சார் பேனாவை வைத்தார். "இவளுக்கு எழுதுங்க. வேற எவனுக்கும் எழுதாதீங்க." அடுத்த வாரம் போனை எடுக்க வேறு ஆள் வந்தார். நான் எழுத உட்கார்ந்தேன். இணையதளத்தின் முதல் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று போட்டோம், வியாபாரம் எழுந்து நின்றது. என் வளர்ச்சி என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ அதெல்லாம் அங்கிருந்து வந்தது. புது மேலாளர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை தலைமைப் பண்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் வாடிக்கையாளரோடு வாழுங்கள் என்று பேசுகிறேன். கை தட்டுகிறார்கள். வாழ்ந்தேன், அதைத்தான் சொல்கிறேன், ஒரே தட்டில் சாப்பிட்டோம், அவர்கள் அதை உவமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அமுதாவின் பக்கத்தை எழுதியதும் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செண்பகத்திடம் காட்டினேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றபடியே படித்தாள். "யாருங்க இந்த அமுதா?" சும்மா, ஒரு கற்பனை என்றேன். "என் டப்பாச் சோறு. என் கண்ணாடி. என் தலைவலி. பேரு மட்டும் அவளுக்கா?" உன் பெயரைப் போட்டால் ஆபீஸில் தெரிந்துபோகும், அக்கவுண்ட்ஸ் அமுதா என்றால் சேர்த்துச் சொல்ல நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். "நல்லா இருக்கும், நல்லா இருக்கும். ஆளு என்னைவிடக் கலரா வேற இருக்கா" என்று படத்தைத் தட்டினாள். பிறகு அதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. எங்காவது பஸ்ஸுக்கு நிற்கும்போது, அமுதா ஆட்டோவுல போவாளாமே என்பாள். நான் ஏதாவது மறந்துபோனால், அமுதான்னா மறப்பீங்களா என்பாள். அவள் செய்கிறதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரியத்தில் பார்த்தேனா, வேலைக்காகப் பார்த்தேனா, இரண்டும் ஒரே பார்வையில்தான் நடந்தது, பிரிக்க முடியவில்லை. டீயை வைத்துவிட்டு மறந்துபோவாள், ஆறிப்போன டீ என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன், நாங்கள் அனுப்பியதிலேயே அதிகம் பேர் திறந்து படித்தது அதுதான். பஸ் டிக்கெட்டை மடித்து வாட்ச் வாருக்குள் சொருகுவாள், அது ஒரு கட்டுரையின் முதல் வரியாயிற்று. தூக்கத்தில் எண்களைச் சொல்வாள், அது வீடியோவாயிற்று. திரையில் மூன்றாவது வரியைப் பார்க்கிறேன். மாதக் கடைசியில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார். அந்த வரியைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன், இன்று ஜெசிந்தாவின் சுட்டி அதன் மேல் வந்து நின்றுவிட்டது. பாதியில் வைத்தாள், ஆமாம். இரண்டு வாய், மூன்று வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிடுவாள். மாதக் கடைசி என்றாள், நானும் மாதக் கடைசி என்றுதான் நினைத்தேன், எழுதினேன். பிறகு மாத நடுவிலும் தள்ளினாள். டாக்டர் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னபோது எனக்கு இந்த வரிதான் முதலில் கண் முன் வந்தது, எங்கள் கம்பெனியின் எழுத்துருவில், எங்கள் கம்பெனியின் நீல நிறத்தில்.

"ஃபேர்வெல் வைக்கலாம் சார்" என்கிறான் முபாரக். அறை கனத்துவிட்டது என்று நினைத்து லேசாக்கப் பார்க்கிறான். "கேக் வெட்டலாம். ஃபோட்டோவுக்கு ஒரு மாலை போட்டு..." "டேய், ஃபோட்டோவுக்கு மாலை போட்டா என்ன அர்த்தம்?" என்கிறாள் ஜெசிந்தா. "ரிட்டயர் ஆனாலும் போடுவாங்க. எங்க மாமாவுக்கு இ.பி.ல போட்டாங்க." "கழுத்துல போட்டாங்களா, ஃபோட்டோவுல போட்டாங்களா?" "கழுத்துலதான். அவரு இன்னும் நல்லாத்தான இருக்காரு." கஜபதி சார் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், நேரத்துக்கு வந்துவிட்டது சிரிப்பு. என் வீட்டில் ஒரு ஃபோட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறது. அதைப் பார்க்கிறேன், தினமும் பார்க்கிறேன், ஆனால் பயமாக இருக்கிறது. ஏனென்றால் கண்ணை மூடினால் அந்த முகம் வருவதில்லை, நீலச் சேலைக்காரியின் முகம் வருகிறது. விலைக்கு வாங்கிய படம், யார் பெற்ற பெண்ணோ. ஒரு தடவை கோயம்பேடு சிக்னலில் தலை நிமிர்ந்தபோது பெரிய விளம்பரப் பலகையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், பல்வலி மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு. செண்பகம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போகிறார், என்னால் வண்டியை நகர்த்த முடியவில்லை. அவளுக்குப் பல்வலி என்று எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். பைத்தியம் இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று அப்புறம் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே நான் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்றார்கள். அன்று இதே அறை, இதே மேசை, யாரோ ஒரு புது அறிவிப்பைக் காட்டிவிட்டு, அமுதா இதுக்கு என்ன சொல்லுவா சார் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அவ இதைப் பாதிக்கு மேல படிக்க மாட்டா, அவளுக்கு நேரம் இல்ல, மிச்சத்தை வெட்டுங்க என்றேன். படிக்க மாட்டா. இருக்கிறாள் என்கிற மாதிரி. வீட்டில் பத்துப் பதினைந்து நாளாக எல்லோரும் இருந்தாள், செய்தாள், சொன்னாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இங்கே நாலாவது மாடியில் அவள் படிக்க மாட்டாள், விரும்புவாள், கோபப்படுவாள். அன்றிலிருந்து நான் லீவு போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆகாது. என்னுடைய உழைப்பைப் பார்த்துவிட்டு முதலில் மேலாளர், அப்புறம் தலைவன் என்று ஆக்கினார்கள். துக்கத்தை வேலையில் கரைக்கிறார் என்று ஒருவர் ஒரு விழாவில் பேசவும் செய்தார். எதையும் கரைக்கவில்லை. காலையில் கிளம்பி அவள் இருக்கிற இடத்துக்கு வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"நாதன், நீங்கதான் சொல்லணும்" என்கிறார் கஜபதி சார். பூவநாதன் என்ற பெயரை அவர் முழுசாகச் சொன்னதே இல்லை. "அவங்க சொல்றது கேக்கறதுக்கு ரைட்டாத்தான் இருக்கு. ஆனா அமுதா உங்க பொண்ணு மாதிரி. நீங்க சரின்னாதான்." ஜெசிந்தா சொல்வது சரி. ஒரு மாதமாகத் தெரியும். நான் சரி என்று சொல்ல வேண்டும், ஒரு நல்ல தலைவன் செய்ய வேண்டியது அதுதான், நானே மேடையில் அதைப் பேசியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எனக்கு வேண்டும். இந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்று. செண்பகத்தைப் பற்றி நான் எழுதாத ஒன்று, ஒன்று போதும். அது கிடைத்துவிட்டால் இதை எடுத்துவிடலாம், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம். தேடுகிறேன். அவள் கை. கையின் வாசனை, கார்பன் தாளும் மஞ்சளும் கலந்தது, அதை எழுதியிருக்கிறேன், தீபாவளி வாழ்த்தில். அவள் நடை. வேகமாக நடந்து நின்று எனக்காகக் காத்திருப்பாள், எழுதியிருக்கிறேன், உங்களுக்காகக் காத்திருக்கும் மென்பொருள் என்று. அவள் கோபம். கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பாள், அதுவும் எழுதியாகிவிட்டது. கல்யாணத்தில் சிரித்தாளா? சிரித்தாள் என்று ஞாபகம், ஆனால் அது பல் தெரியாத சிரிப்பாக வருகிறது, அது அவள் சிரிப்பு இல்லை, படத்தின் சிரிப்பு. தாலி கட்டும்போது நீலச் சேலையா கட்டியிருப்பாள்? ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறக்கிறேன், ஒவ்வொன்றிலும் அமுதா கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், நிமிர்ந்து, என்ன வேணும் என்று பார்க்கிறாள்.

ரயில். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயில். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. பகல் நேரம், கூட்டம் இல்லை, செண்பகம் ஜன்னலோரம், நான் பக்கத்தில். கொரட்டூர் தாண்டிவிட்டது. அவள் என்னவோ சொல்கிறாள், அவள் கம்பெனியில் அன்றைக்கு நடந்ததா, சின்ன வயதில் நடந்ததா, சொல்லும்போதே சிரிப்பு வந்து முட்டுகிறது, சொல்லி முடிக்க முடியவில்லை, நிறுத்துகிறாள், மறுபடி ஆரம்பிக்கிறாள். பல் தெரியச் சிரிக்கிறாள். கடைவாயில் ஒரு பல் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும், அது தெரிகிறது. எதிர் சீட்டில் பாட்டு வாத்தியார் மாதிரி இருந்த ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் கம்பியின் துரு அவள் உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டியிருக்கிறது. அந்தக் கையாலேயே என் முழங்காலில் அடிக்கிறாள், வேட்டியில் துருக்கறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள். "இதையாவது ஆபீஸ்ல போய்ச் சொல்லிடாதீங்க. அந்த அமுதாகிட்டக் குடுத்துடாதீங்க." சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை. ஒரு வரி எழுதவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை, அவள் போன பிறகும் எனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அது என்ன? அவள் என்ன சொன்னாள்? துரு இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, அந்த மனிதரின் சிரிப்பு இருக்கிறது. அவள் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. எழுதினதெல்லாம் தங்கிவிட்டது, எழுதாத ஒன்று போய்விட்டது. காப்பாற்றிக்கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிவைத்ததை எங்கே வைத்தேன்?

"சார்." ஜெசிந்தாவின் குரல் தாழ்ந்திருக்கிறது. முபாரக்கும் என்னையே பார்க்கிறான். "ஒண்ணு கேக்கலாமா சார்? நான் பத்து கம்பெனி பெர்சோனா பார்த்திருக்கேன். எதுலயும் இவ்ளோ இருக்காது. இது சும்மா உட்கார்ந்து யோசிச்ச மாதிரி இல்ல. நிஜமாவே யாராவது இருந்தாங்களா?" இல்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் வீட்டுல" என்றேன். கஜபதி சார் திரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், அவர் உதடுகள் எதையோ கூட்டிப் பார்க்கின்றன, கிண்டி மாடி, தண்ணீர் கேன், மாலை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்குள் போய் விழுகிறது. "நாதன்... இத்தனை நாளா..." என்று நிறுத்திக்கொள்கிறார். ஜெசிந்தாவின் முகம் சிவந்துவிட்டது. "சாரி சார். எனக்குச் சத்தியமாத் தெரியாது. வேண்டாம் சார், இருக்கட்டும். புதுசை இன்னொரு பக்கமா சேர்த்துக்கலாம்." "ஆமாய்யா, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார் கஜபதி சார்.

இருந்துட்டுப் போகட்டும். அது இப்போது நடக்கக்கூடியதுதான். நான் தலையாட்டினால் போதும், இந்த நாலாவது மாடியில் அவள் இருப்பாள், இனிமேல் அவளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், யாரும் அவளைக் கிண்டல் பண்ண மாட்டார்கள். அதோடு நீலச் சேலைக்காரி ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்திருப்பாள், ரயில் பெட்டிக்குள்ளும் ஒருநாள் வந்துவிடுவாள், ஜன்னலோர சீட்டில் பல் தெரியாமல் சிரிப்பாள். "அவங்க எப்படி இருப்பாங்க சார்?" என்று ஜெசிந்தா கேட்கிறாள். ஆறுதலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். அவள் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. வாய் வரை வந்துவிட்டது. கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு. டீயை ஆற விட்டுட்டு. எல்லாம் திரையில் வரிசையாக இருக்கிறது, எண் போட்டு. நான் அதிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. "அதை ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காம்மா" என்றேன். முபாரக் சட்டென்று சிரித்துவிட்டான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். பரவாயில்லை, சிரிக்கட்டும். "எடுத்துடு" என்றேன். "நிஜமாவா சார்?" "எடுத்துடும்மா. நீ சொன்னது சரிதான்."

அவள் சுட்டியை நகர்த்துகிறாள். நீக்கவா என்று திரை ஒரு தடவை கேட்கிறது, அவள் என்னை ஒரு தடவை பார்க்கிறாள், அழுத்துகிறாள். நீலம் போய்விடுகிறது. அடுத்த பக்கம் மேலே ஏறி அந்த இடத்தில் நிற்கிறது, பேக்கரி வைத்திருக்கிற யாரோ ஒரு பெண், மாவுக் கையோடு. ஜெசிந்தா அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறாள், மற்றவர்கள் குனிந்து குறித்துக்கொள்கிறார்கள். வில்லிவாக்கத்தில் ரயில் நின்று கிளம்புகிறது. பெட்டியில் ஆள் ஏறவில்லை. செண்பகம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, சொல்ல வந்ததை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். சக்கரச் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. என்ன, என்ன சொன்னே என்று கேட்டுக்கொண்டு காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன்.